தையல் போட்ட தட்டு

தட்டு வீட்டுக்கு வந்த அன்றே மேகலா அதை வினிகரில் ஊறப்போட்டாள். குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, துணி அலசுகிற பிளாஸ்டிக் டப்பில். பூந்தொட்டிக்கு அடியில் கிடந்த தட்டு அது. டெல்லித் தண்ணீரின் உப்பெல்லாம் அதன்மேல் வெள்ளை வெள்ளையாகக் கட்டிப்போயிருந்தது. வினிகர் பட்டதும் உப்பு பொரிந்து நுரைத்தது. விளிம்பிலிருந்து நீலம் மெல்ல வெளியே வந்தது. முதலில் தேன்கூடு மாதிரி கட்டம் போட்ட கரை. பிறகு ஓர் ஆறு, சின்னப் பாலம், கிளைகளைத் தண்ணீரில் தொங்கவிட்ட ஒரு மரம். கடைசியில் படகு. படகில் ஓர் ஆள். தூரிகையை இரண்டு தடவை தொட்டு எடுத்ததுதான் அந்த ஆள். ஆனாலும் அவன் துடுப்புப் போடுகிறான் என்று தெரிந்தது.

"ஏங்கண்ணு, எத்தன நேரம்? அப்பா வெளிய நிக்கறாரு," என்றாள் அம்மா அருக்காணி, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"வந்துட்டேன்மா."

தட்டைத் துண்டில் சுற்றி, ஈரத் துணிகளுக்கு அடியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். சொந்த வீட்டுக்குள்ளேயே கடத்தல். திருட்டில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொடுத்ததைத்தானே வாங்கிக்கொண்டோம்.

மேகலா வேதியியல் படித்தவள். ஓக்லாவில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆற்றுத் தண்ணீர், போர்வெல் தண்ணீர், டாங்கர் தண்ணீர் எல்லாம் பாட்டிலில் வரும். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. காலேஜில் கோபால்ட் பற்றிப் படித்தபோது பிடித்த பைத்தியம்தான் இந்தப் பீங்கான். பார்வைக்கு ஒன்றுமில்லாத ஒரு கறுப்புப் பொடி, கண்ணாடி மாதிரியான மெருகுக்கு அடியில் ஒளிந்துகொண்டு சூளையில் வெந்தால் இந்த நீலமாகிவிடுகிறது. அந்தக் காலத்தில் சீனாக்காரர்கள் அதைக் கொண்டு ஆறும் பாலமும் எழுதி, கப்பல் கப்பலாக வெளிதேசங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கப்பலில் போனதில் கொஞ்சம் கல்கத்தாவிலும் இறங்கியிருக்கிறது. இறங்கியதில் ஏதோ உடைசல் அவ்வப்போது டெல்லிப் பழைய சாமான் சந்தைக்கு வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமைகளில் மேகலா அங்கே போய்க் குந்தி உட்கார்ந்து தேடுவாள். மூடியில்லாத ஜாடி, விளிம்பு போன கிண்ணம், நடுவில் விரிசல் விட்ட கோப்பை. முழுசாக ஒன்று அவளுக்குக் கிடைத்ததில்லை. முழுசாகக் கிடைப்பதெல்லாம் போன வருஷத்துப் போலி.

"ஒடஞ்ச சாமானத் தேடித் தேடி வாங்கறவ ஊருலகத்துல நீ ஒருத்திதாங்கண்ணு," என்பாள் அருக்காணி.

இந்தத் தட்டு சந்தையில் கிடைத்ததில்லை. எதிர்வீட்டு வத்சலா மாமியின் பால்கனியில் கிடைத்தது.

கிட்வாய் நகரில் பழைய குவார்ட்டர்ஸை இடித்துவிட்டுக் கட்டிய புது டவர்களில் ஒன்றில் இரண்டு குடும்பமும் எதிரெதிர். மாமியின் மகன் ஹரிஷங்கருக்கு மத்திய சர்க்கார் உத்தியோகம். மருமகள் ஜ்யோத்ஸ்னா வங்காளிப் பெண். பிறந்த வீடு சி.ஆர். பார்க் என்கிற சித்தரஞ்சன் பார்க்கில். மாமா கல்யாணராமன் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது.

அன்றைக்கு அம்மா கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்லி அனுப்பியிருந்தாள். "பால்கனில இருக்கு, நீயே பறிச்சுக்கோடி," என்றாள் மாமி. மேகலா குனிந்து பறித்தபோது தொட்டியின் அடியில் நீலமாக ஒரு விளிம்பு தெரிந்தது. கறிவேப்பிலை பறித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னடி அங்கே குனிஞ்சுண்டே இருக்கே? பல்லியா?"

"இல்ல மாமி. இந்தத் தட்டு..."

"அதா? ஜ்யோத்ஸ்னா கொண்டுவந்தது. அவா தாத்தா வீட்டைப் பாகம் பிரிச்சப்போ ஆளுக்கு ஒரு சாமான் எடுத்துண்டாளாம். ஒருத்தி வளையல் எடுத்துண்டா, ஒருத்தன் கடியாரம் எடுத்துண்டான். இந்த அசடு இதைத் தூக்கிண்டு வந்திருக்கு. மீன் போட்டுத் தின்ன தட்டு. அடுக்களைக்குள்ள விடுவேனா? தண்ணி தரையில வழியாம இருக்கட்டும்னு தொட்டிக்கு அடியில வெச்சேன்."

மேகலா தொட்டியை நகர்த்தித் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடிவளையத்தில் மெருகு இல்லை. மெருகு நிற்கிற இடத்தில் துரு நிறத்தில் ஒரு கோடு, பழைய சீன வேலையின் அடையாளம். அச்சு இல்லை, கையால் எழுதிய வேலை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் உட்கார்ந்து எழுதியது, கிட்வாய் நகரில் கறிவேப்பிலைச் செடிக்குத் தாங்கலாக இருக்கிறது. பின்பக்கம் குறுக்கே ஒரு விரிசல். அது மேலும் போகாமல் யாரோ பித்தளைக் கம்பிகளைக் கொக்கி மாதிரி வளைத்து இறுக்கியிருந்தார்கள்.

கேட்டிருக்கலாம். சாயங்காலம் ஜ்யோத்ஸ்னா வந்ததும், இது என்ன என்று உனக்குத் தெரியுமா, இதை உள்ளே எடுத்து வை என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தருவாயா என்றுகூடக் கேட்டிருக்கலாம். ஆனால் மேகலாவுக்குக் கேட்கிற வாய் கிடையாது. லிஃப்டில் ஜ்யோத்ஸ்னாவைப் பார்த்தால் சிரிப்பாள், அதோடு சரி. கேட்கத் தெரியாத அந்த வாயில் அன்று பொய் வந்தது. தடங்கலே இல்லாமல் வந்தது.

"மாமி, இதுல தையல் போட்டிருக்கு."

"தையலா?"

"பின்னாடி பாருங்க. விரிஞ்சு போனதைக் கம்பி வெச்சுத் தச்சிருக்காங்க. தையல் போட்ட பாத்திரம் வீட்டுக்கு ஆகாதுன்னு எங்கம்மா சொல்வாங்க."

மாமி கிட்டே வந்து பார்த்தாள். "ஆகாதுன்னா? யாருக்கு ஆகாது?"

"வீட்ல இருக்கறவங்களுக்கு."

மாமியின் முகம் மாறியதை மேகலா அப்போது பார்க்கவில்லை. தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்கிக் குப்பைல போட்டுடட்டுமா?"

"ஐயோ, வேணாம் மாமி. அதெல்லாம் ஓடற தண்ணியிலதான் விடணும். நான் வேலைக்கு யமுனைப் பக்கம் போவேன்ல, சாம்பிள் எடுக்க? போட்டுடறேன்."

மாமி பழைய பேப்பரை எடுத்து வந்து, விரல் படாமல் தட்டைச் சுற்றி, ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். பிறகு குழாயைத் திறந்து கை கழுவிக்கொண்டாள். "நல்ல பொண்ணுடி நீ," என்றாள்.

தட்டு அலமாரியில் மேல் அடுக்கில், மற்ற உடைசல்களுக்குப் பின்னால் நின்றது. வேலையிலிருந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். படகுக்காரனைப் பார்ப்பாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. எதிர்வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் மட்டும் கை தானாகத் தட்டை மூடும்.

இரண்டு வாரம் கழித்து, காய்கறிப் பையும் கையுமாக அவளும் அம்மாவும் லிஃப்டில் ஏறியபோது மாமியும் ஏறினாள்.

"அருக்காணி, உங்களைத்தான் பாக்கணும்னு இருந்தேன். நீங்க சொன்னது அப்படியே சத்தியம்."

"நான் என்னங்க சொன்னேன்?"

"அதான், தையல் போட்ட தட்டு. உங்க பொண்ணு சொன்னா. நீங்க சொல்வேளாமே, வீட்டுக்கு ஆகாதுன்னு. அது ஆத்துக்குள்ள வந்த வருஷந்தானே அவருக்கு நெஞ்சைப் பொளந்து பைபாஸ் பண்ணினா? தட்டுலயும் தையல், அவர் நெஞ்சுலயும் தையல். எனக்கு இத்தனை நாள் உறைக்கவே இல்லை பாருங்கோ. நேத்து அவகிட்ட நேரா கேட்டுட்டேன். எந்தச் சனியனைடி கொண்டுவந்து என் புருஷன் தலைமாட்டுல வெச்சேன்னு."

லிஃப்டில் அவர்கள் மூன்று பேர்தான். மேகலா கதவுக்கு மேலே மாறுகிற எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருக்காணி மகளை ஒரு தடவை பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

"பெரியவங்க என்னமோ சொல்வாங்க... அதையெல்லாம் பெருசா எடுத்துக்காதீங்க," என்று மழுப்பினாள்.

"எடுத்துக்காம? போனது என் ஆத்துக்காரர் இல்லையா?"

வீட்டுக்குள் வந்ததும் அருக்காணி பையைக் கீழே வைத்தாள்.

"ஏங்கண்ணு, நான் எப்பச் சொன்னேன்? எங்கூர்ல ஓட்டை மொறத்தைக்கூடச் சாணி மொழுகி வெச்சுக்குவோம். எங்காத்தா தச்ச சொளவுலதான் அரிசி பொடச்சா. தையல் போட்டது ஆகாதுன்னு நானா சொன்னேன்?"

மேகலா போய்த் தட்டை எடுத்துவந்து காட்டினாள். அருக்காணி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கா?"

"ம்."

"இதுக்கா அந்தப் புள்ள மேல பழி வந்துது? அதுவும் என்ற பேரச் சொல்லி?"

"மாமி இப்படி நினைப்பாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா."

"நெனைக்காம? புருசன் போயி ஒரு வருசமா, ஏன் போனாரு ஏன் போனாருன்னு கெடக்கற பொம்பள. நீ காரணத்தக் கொண்டுபோயிக் கையில குடுத்திருக்கற." அருக்காணி தட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "நீ பண்ணுனது. நீயே பாத்துக்க. நான் போயிச் சொல்ல மாட்டேன்."

அன்றிரவும் மறுநாளும் மேகலா போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்று இருந்தாள். அதற்குள் மாமி மறந்துவிடுவாள், எதிர்வீட்டில் பேச்சு ஓய்ந்துவிடும் என்று ஒரு நப்பாசை. ஓயவில்லை. ஹரிஷங்கரின் குரல் ஒரு நாளும் வெளியே கேட்டதில்லை. அந்த வாரம் கேட்டது. "அம்மா, போறும் நிறுத்து" என்ற சத்தம் சுவரைத் தாண்டி வந்தது.

சனிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பியபோது ஜ்யோத்ஸ்னா கேட்டருகே சூட்கேஸோடு நின்றிருந்தாள். மேகலா தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடப் பார்த்தாள்.

"மேகலா, சுனோ. ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நெனச்சுக்காதே."

ஜ்யோத்ஸ்னாவின் தமிழ் மாமியிடம் கற்றது. நடுநடுவே ஹிந்தி எட்டிப் பார்க்கும். மாமியாரை அவள் அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"அந்தத் தட்டு. நீதானே யமுனால போட்டே? அம்மா சொன்னா."

மேகலா தலையாட்டினாள்.

"எந்த இடத்துல?"

"நிஜாமுதீன் பாலத்துல."

"அங்கே பெரிய கம்பி ஜாலி போட்டிருக்கே. யாரும் எதையும் போட முடியாதே."

"ஒரு இடத்துல ஓட்டை இருக்கு. பூஜைச் சாமான் போடறவங்க கம்பியைப் பிரிச்சு வெச்சிருக்காங்க."

ஓட்டை இருந்தது உண்மை. சாம்பிள் எடுக்கப் போகும்போது பார்த்திருக்கிறாள். பொய்க்குள் வைத்தபோது அந்த உண்மை இன்னும் அசிங்கமாக இருந்தது.

"நேத்து ஆபீஸ் விட்டு நேரா அங்கே போனேன். பாகல் மாதிரி, பைத்தியம் மாதிரி நின்னு பாத்தேன். வெறும் நுரைதான் தெரியறது." ஜ்யோத்ஸ்னா சிரிக்கப் பார்த்தாள். "எங்க தாத்தா தட்டு அது. அம்மா மீன் தட்டுன்னு சொல்றா. மீன் இல்லை, மாம்பழத் தட்டு. ஞாயித்துக்கிழமை அதுல மாம்பழம் நறுக்கி வெப்பார். பசங்க எல்லாரும் சுத்தி உக்காந்து சாப்பிடுவோம். கடைசித் துண்டை யார் எடுக்கறாளோ அவாளுக்குத்தான் படகுக்காரன் தெரிவான்னு சொல்வார். அதுக்காகவே அடிச்சுப்போம்."

"மாமிகிட்ட மாம்பழம்னு சொல்லலையா?"

"சொல்லி? எங்க வீட்டுல இருந்து தலகாணி கொண்டுவந்தாலும் அவளுக்கு அது மீன்தான்." இப்போது உண்மையாகவே சிரித்தாள். உடனே கண் கலங்கிவிட்டது. "தட்டு போனா போகட்டும். அப்பாவை நான் கொன்னுட்டேன்னு சொல்றா, மேகலா. ஆஸ்பத்திரில அவர் பக்கத்துல ஒக்காந்திருந்தது நான். கடைசியா அவர் கையைப் பிடிச்சுண்டிருந்ததும் நான். ஹரிக்கும் அவளுக்கும் நடுவுல என்னால நிக்க முடியலை. கொஞ்ச நாள் எங்கம்மாகிட்ட இருக்கேன். திரும்பி வருவேனா, தெரியலை."

ஆட்டோ வந்து நின்றது. "பையா, சி.ஆர். பார்க்," என்றாள் ஜ்யோத்ஸ்னா. ஆட்டோக்காரர் இறங்கவில்லை. மேகலாதான் சூட்கேஸைத் தூக்கி உள்ளே வைத்தாள். கனமாக இருந்தது.

"உன்மேல கோவம் இல்லை. பெரியவா சொன்னா நீ என்ன பண்ணுவே? தேங்க்ஸ், அச்சா?"

ஆட்டோ போய்விட்டது. தெருமுனையில் அது வளைகிற வரைக்கும் நேரம் இருந்தது. கத்திக் கூப்பிட்டிருந்தால் நின்றிருக்கும். தட்டு என் அலமாரியில் இருக்கிறது என்கிற ஒரு வரிதான். மேகலா அந்த வரியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த "தேங்க்ஸ்" அதற்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டது.

பரிசோதனைக் கூடத்தில் அன்றைக்கு யமுனைத் தண்ணீர்தான் வந்திருந்தது. கறுப்பாக, பாட்டிலின் கழுத்தில் நுரை ஒட்டிக்கொண்டு. இதில் போட்டதாகத்தானே சொன்னோம் என்று நினைத்தாள். ஒரு தடவை செய்த டெஸ்டையே மறுபடி மறுபடி செய்தாள். சீனியர் பூங்கோதை, "என்ன மேகலா, ஆறு அதுக்குள்ள நல்லாயிடும்னு பாக்கறியா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

அரை நாளில் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். தட்டை எடுத்தாள். அருக்காணி துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

மாமி தனியாக இருந்தாள். டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் மாமா படம், சந்தன மாலையோடு. மேகலா தட்டை டீப்பாயின்மேல் வைத்தாள்.

"மாமி, நான் இதை யமுனையில போடலை."

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். "எது?" என்றாள். பிறகு பின்னால் நகர்ந்தாள். "அந்தத் தட்டா? இதா அது?"

சுத்தமான அந்தத் தட்டை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

"எங்கம்மா ஒண்ணும் சொல்லலை மாமி. தையல் போட்டா ஆகாதுன்னு எந்த ஊர்லயும் யாரும் சொல்லலை. நானா சொன்னது. எனக்கு இந்தத் தட்டு வேணும்னு இருந்துச்சு. ரொம்பப் பழசு, கையால எழுதினது. கேக்கத் தெரியாம பொய் சொல்லிட்டேன். தூக்கி எறிய மனசில்லாம யாரோ ஆசையா இதைத் தச்சு வெச்சிருக்காங்க. அவ்வளவுதான் அந்தத் தையல்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது. அந்த வீட்டில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

மாமி கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு சிரித்தாள்.

"நீ நல்லவடி. அவ பெட்டியைத் தூக்கிண்டு போனதைப் பாத்திருப்பே. மனசு கேக்கலை. சமாதானம் பண்ண வந்திருக்கே."

"இல்ல மாமி. நிஜமாவே பொய்தான்."

"பொய்யா இருந்தா அது எப்படி அப்படியே பொருந்தும்? நீ சயின்ஸ் படிச்சவ, சொல்லு."

"மாமாவுக்கு ஏற்கெனவே ரத்தக்குழாய்ல அடைப்பு..."

"அதான் சரிபண்ணியாச்சே! டாக்டர் சொன்னார். காலம்பற நடந்துட்டு வந்தார், பேப்பர் படிச்சார், என்னோட சண்டை போட்டார். நன்னா இருந்தார். அப்புறம் எதனால போனார்? தட்டால இல்லேன்னா, எதனால? சொல்லேன்."

மாமி சோபாவில் உட்கார்ந்தாள். டி.வி.யில் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபடியே பேசினாள். குரல் இறங்கிவிட்டது.

"சாயங்காலம் நெஞ்சு எரியறதுன்னார். வாயுவா இருக்கும்னு மோர்ல பெருங்காயத்தைக் கரைச்சுக் குடுத்தேன். சித்த படுத்துக்கோங்கோன்னேன். ஜ்யோத்ஸ்னா ஆபீஸ்லேர்ந்து வந்தா. அவர் மொகத்தைப் பாத்தா. உடனே ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினா. இப்போ எதுக்குடி ஆஸ்பத்திரி, ஊரைக் கூட்டறேன்னு நான் அவளை அதட்டினேன்."

மேகலா நின்றுகொண்டே இருந்தாள்.

"அந்த ஒரு டம்ளர் மோர். ஒரு வருஷமா அதைத்தான் கரைச்சுண்டிருந்தேன். குடுக்காம இருந்திருந்தா, அப்போவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான்னு. நீ தட்டைப் பத்திச் சொன்னே பாரு, அன்னிக்குத்தான் நன்னா தூங்கினேன்."

மாமி இப்போது அவளை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வை என்ன கேட்கிறது என்று மேகலாவுக்குப் புரிந்தது. தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், மாமியின் தூக்கத்தையும் சேர்த்துத் திருப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஆகாதுதான் மாமி, தையல் போட்டது ஆகாதுதான் என்று இப்போது சொன்னாலும் போதும். மாமி தூங்குவாள். தட்டும் தன்னோடு இருக்கும். ஒருத்தி மட்டும் சித்தரஞ்சன் பார்க்கில் உட்கார்ந்திருப்பாள்.

"பொய்தான் மாமி," என்றாள் மேகலா. தன் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "ஜ்யோத்ஸ்னா ஒண்ணும் பண்ணலை. அவங்கதான் போன் பண்ணியிருக்காங்க."

மாமி ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தாள்.

"போடி," என்றாள்.

மேகலா தட்டை எடுத்தாள். கதவுவரை போயிருப்பாள்.

"அதை எங்கே எடுத்துண்டு போறே?"

"ஜ்யோத்ஸ்னாகிட்ட குடுக்கப் போறேன்."

"வெறும் தட்டாவா?"

மேகலா திரும்பினாள். மாமி எழுந்து வந்து தட்டை அவள் கையிலிருந்து வாங்கினாள். இந்தத் தடவை பேப்பர் எதுவும் சுற்றவில்லை. வாங்கிக்கொண்டு நேராக அடுக்களைக்குள் போனாள். உள்ளே டப்பா திறக்கிற சத்தம் கேட்டது. வர நேரமாயிற்று. வரும்போது தட்டு நிறையத் தேன்குழல் இருந்தது, அதன்மேல் ஒரு எவர்சில்வர் மூடி. மாமியின் மூக்கு சிவந்திருந்தது.

"மாமி, அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாதே. நீ சொன்ன வரைக்கும் போறும்."

ஆட்டோவில் தட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பித்தளைக் கொக்கிகள் விரலில் அழுந்தின.

சித்தரஞ்சன் பார்க்கில், மாமி சொன்ன விலாசத்தில் கதவைத் திறந்தது ஜ்யோத்ஸ்னாதான். மூடியைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. அது மாமியின் சாம்பார்ப் பாத்திரத்து மூடி. "அம்மா குடுத்து அனுப்பினாளா?" என்று கேட்டபடி திறந்தாள். கீழே இருந்த பாத்திரத்தின் கரையைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

உள்ளே போய் மேஜைமேல் வைத்துத் தேன்குழலை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு டப்பாவில் போட்டாள். மரம் தெரிந்தது. பாலம் தெரிந்தது. கடைசித் தேன்குழலை எடுத்ததும் படகுக்காரன். அவள் அவனை விரலால் தொட்டாள். பிறகு தட்டைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். அடிவளையம் பளிச்சென்று இருந்தது. உப்புப் பொருக்கு ஒரு துளிகூட இல்லை. பித்தளை மின்னியது.

"யமுனா ஜல் இவ்வளவு சுத்தம் ஆயிடுத்தா?"

"வினிகர்," என்றாள் மேகலா.

மற்றதை அவள் வாசலில் நின்றபடியே சொன்னாள். சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. மாமி சொன்ன மோரை மட்டும் சொல்லவில்லை. அது தன் சொத்தில்லை என்று தோன்றியது.

"இன்னிக்குக் காலம்பற நான் ஆட்டோல ஏறினப்போ இது எங்கே இருந்தது?"

"என் அலமாரியில."

"என் பெட்டியை நீதானே தூக்கி வெச்சே?"

"ஆமா."

"நான் உனக்குத் தேங்க்ஸ் சொன்னேன்."

மேகலா தலையாட்டினாள். மன்னிப்பு என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதைக் கேட்கவும் ஒரு வாய் வேண்டும்.

ஜ்யோத்ஸ்னா டப்பாவிலிருந்து ஒரு தேன்குழலை உடைத்து வாயில் போட்டாள். கோபத்தோடு மென்றாள். மெல்வது பாதியில் மெதுவாயிற்று.

"நமக் இல்லவே இல்லை. உப்புப் போட மறந்துட்டா." இன்னொரு துண்டைப் போட்டுக்கொண்டாள். "நான் இல்லேன்னா இப்படித்தான். மாவு பிசையறப்போ உப்பு போட்டியான்னு நான்தான் கேக்கணும்."

"நான் வேணா மாமிகிட்ட..."

"நீ யார்கிட்டயும் எதுவும் சொல்லாதே. நீ சொன்னதெல்லாம் போறும். நானே சொல்லிக்கறேன்."

எப்போது, போனிலா நேரிலா என்று அவள் சொல்லவில்லை. மேகலாவும் கேட்கவில்லை. ஜ்யோத்ஸ்னா தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூடியை நீட்டினாள்.

"இதை அம்மாகிட்ட குடுத்துடு. அப்புறம், எங்க பால்கனில இன்னும் நெறைய தொட்டி இருக்கு. கீழே என்ன இருக்குன்னு குனிஞ்சு பாக்காதே."

கதவு சாத்திக்கொண்டது.

மேகலா படியிறங்கி வந்து ஆட்டோவுக்காக நின்றாள். மறுபடியும் எதிர்வீட்டு மணியை அடிக்க வேண்டும். மாமியின் முகத்தைப் பார்க்க வேண்டும். எந்த வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பாள் அம்மா. அது அம்மா நிஜமாகவே சொன்னது. கையில் இருந்தது மூடி. அதில் எதையும் போட்டுக் கொடுக்க முடியாது.